நான்கு திரை, மூன்று கோளாறு

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மூடி வைத்த லேப்டாப்பின் யூ.எஸ்.பி.-சி துளையிலிருந்து ஒரு டாக், அதாவது ஒரே துளையைப் பல துளைகளாக விரித்துத் தரும் பெட்டி. அந்த டாக்கிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் 27 அங்குல 4கே மானிட்டரும், எச்.டி.எம்.ஐ. கேபிளில் 24 அங்குல முழு எச்.டி. மானிட்டரும் ஓடுகின்றன. லேப்டாப்பின் சொந்த எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து, ஒரே படத்தை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் ஒரு ஸ்பிளிட்டருக்குப் போய், அங்கிருந்து ஒரு கேபிள் சுவருக்குள் பைப் வழியாக 15 மீட்டர் ஓடி ஹாலில் உள்ள 4கே டிவியை அடைகிறது. இன்னொன்று அடுத்த அறையில் உள்ள பழைய முழு எச்.டி. டிவிக்குப் போகிறது. 4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது விநாடிக்கு 30 முறைக்கு மேல் படம் புதுப்பிக்கப்படும் வேகம் வரவில்லை, அதுவும் அவ்வப்போது இரண்டு விநாடி இருண்டு மீள்கிறது. ஹால் டிவி 1080பி-யை, அதாவது முழு எச்.டி. அளவைத் தாண்டுவதில்லை, பழைய டிவியைக் கழற்றிவிட்டு 4கே வைத்தால் அணைந்து அணைந்து எரிகிறது, கட்டணத் தளங்களின் படங்களுக்குச் சத்தம் மட்டும் வருகிறது. கேபிள்களை இரண்டு முறை மாற்றியும் தீரவில்லை, கிராபிக்ஸ் சிப் போய்விட்டதா, புது லேப்டாப் வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டாம். வீடுகளிலும் கூட்ட அரங்குகளிலும் திரைகளை நிறுவிக் கொடுப்பதுதான் நெடுங்காலமாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கிராபிக்ஸ் சிப் கெட்டால் அது ஒரு வாயிலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொந்தரவு செய்வது அரிது. லேப்டாப்பின் சொந்தத் திரையிலும் கட்டம் கட்டமாக நிறம் சிதறும், சூடேறியதும் கணினியே உறைந்து நிற்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள். ஒரே மேசையில் ஒரே நேரத்தில் நிகழ்வதால் ஒரே நோயாகத் தெரிகின்றன, அதனால்தான் எந்தக் கேபிளை மாற்றினாலும் "இன்னும் தீரவில்லை" என்றே தோன்றுகிறது. இவற்றில் ஒன்று வெறும் கணக்கு, இன்னொன்று ஸ்பிளிட்டரின் இயல்பு, அவை இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த இரண்டு விநாடி இருட்டு மட்டும் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லக்கூடியதல்ல; அதற்கு உங்கள் கண்ணும் காதும் வேண்டும்.

முதலில் 30 ஹெர்ட்ஸ். யூ.எஸ்.பி.-சி துளையில் அதிவேகத் தடங்கள் நான்குதான். நான்கையும் காட்சிக்கே கொடுத்துவிட்டால் யூ.எஸ்.பி. வேகம் பழைய 2.0 அளவுக்கு, அதாவது விநாடிக்கு 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். டாக்கில் பென் டிரைவும் லேன் கேபிளும் செருகுபவர்கள் அதை ஏற்கமாட்டார்கள் என்பதால், பெரும்பாலான டாக்குகள் இரண்டு தடங்களைக் காட்சிக்கும் இரண்டைத் தரவுக்கும் பிரித்துக்கொள்கின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் ஒரு தடம் விநாடிக்கு 8.1 ஜிகாபிட், குறியீட்டுக்கான ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் கையில் நிற்பது 6.48, இரண்டு தடங்களுக்கு 12.96. 4கே 60 ஹெர்ட்ஸ் ஒன்றே ஏறத்தாழ 12.5 முதல் 12.8 ஜிகாபிட்டைத் தின்றுவிடும். அதன்மேல் உங்கள் முழு எச்.டி. மானிட்டருக்குச் சுமார் 3.3 வேண்டும். கூட்டினால் 16-ஐத் தாண்டுகிறது, இருப்பதோ 13-க்கும் குறைவு. ஆகவே டாக் 4கே மானிட்டரை 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, 6.3-உம் 3.3-உமாக இரண்டையும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதில் எதுவும் பழுதாகவில்லை.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. டாக்கிலிருந்து 24 அங்குல மானிட்டரின் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். விண்டோஸ் அமைப்புகளில் காட்சிப் பிரிவுக்குள் போய், மேம்பட்ட காட்சி என்ற பக்கத்தைத் திறந்து, 4கே மானிட்டருக்கான புதுப்பிப்பு விகிதப் பட்டியலைப் பாருங்கள். அதுவரை இல்லாத 60 அங்கே முளைத்திருந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே உங்களுக்குப் பொருந்துகிறது. முளைக்காவிட்டால் டாக்கின் அந்தத் துளையோ, நடுவில் வைத்திருக்கும் மாற்றியோ 30-ஐத் தாண்டாத வகையாக இருக்கலாம். டாக்கின் மாடல் எண்ணை எழுதினால் பார்த்துச் சொல்லலாம். ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியாக ஒரு டிரைவர் மென்பொருளை நிறுவிய பிறகே திரை எரிகிற டாக்குகள் உண்டு. அவை படத்தைச் சுருக்கி யூ.எஸ்.பி. தரவாகவே அனுப்புபவை, டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயர் அவற்றில் இருக்கும். உங்களுடையது அந்த இனம் என்றால் இந்தத் தடக் கணக்கு செல்லாது.

கணக்கு பொருந்தினால் தீர்வு எளிது: மானிட்டரும் டிவியும் இடம் மாறட்டும். 4கே மானிட்டரை லேப்டாப்பின் சொந்த எச்.டி.எம்.ஐ. துளையில் நேராகச் செருகுங்கள், டிவிக்குப் போகும் வரிசையை டாக்கின் எச்.டி.எம்.ஐ. துளைக்குத் தள்ளுங்கள், சின்ன மானிட்டர் டாக்கின் டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கட்டும். லேப்டாப்பின் துளை எச்.டி.எம்.ஐ. 2.0 ஆக இருந்தால் அது 18 ஜிகாபிட் வரை போகும், 4கே 60 அதில் அடங்கும். 1.4 ஆக இருந்தால் 10.2-தான், அப்போது அங்கேயும் 30-இல்தான் நிற்கும். டிவி 30 ஹெர்ட்ஸில் ஓடினால் குடிமுழுகிப் போகாது. திரைப்படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டகங்களில்தான் எடுக்கப்படுகின்றன. 30 ஹெர்ட்ஸில் கண்ணை உறுத்துவது மவுஸ் அம்பின் தள்ளாட்டமும், பக்கத்தை உருட்டும்போது எழுத்து தாவுவதும். எங்கே மவுஸ் நகர்கிறதோ அங்கே 60-ஐக் கொடுங்கள். டாக்குக்குப் பதில் தண்டர்போல்ட் (யூ.எஸ்.பி.-சி வடிவத் துளையிலேயே ஓடும் இன்னும் வேகமான இணைப்பு) டாக் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உங்கள் லேப்டாப்பின் துளையில் தண்டர்போல்ட் இருந்தால் அது சரியான யோசனைதான், ஆனால் விலை அதிகம், இந்த ஒரு குறைக்காக அதை நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது ஹால் டிவி. ஒரு திரையைச் செருகியவுடன் படம் ஓடத் தொடங்குவதில்லை, அதற்கு முன் இரு பக்கமும் பேசிக்கொள்கின்றன. எச்.டி.எம்.ஐ. கேபிளில் உள்ள 19 ஊசிகளில் 18-ஆவது ஊசியில் லேப்டாப் 5 வோல்ட்டை அனுப்புகிறது. 19-ஆவது ஊசி வழியாக டிவி "நான் இருக்கிறேன்" என்று பதில் தருகிறது. பிறகு 15, 16-ஆவது ஊசிகள் வழியாக லேப்டாப் டிவியின் ஜாதகத்தை வாங்கிப் படிக்கிறது. ஈ.டி.ஐ.டி. என்று அழைக்கப்படும் அந்தக் குறிப்பு 128 பைட் கொண்ட ஓர் அடிப்படைப் பகுதியும் சில கூடுதல் பகுதிகளும் மட்டுமே. இந்தத் திரைக்கு எந்த அளவு, எந்த வேகம், எந்த ஒலி வடிவம் ஒத்துவரும் என்பது எல்லாம் அதில் இருக்கிறது. ஸ்பிளிட்டர் நடுவில் உட்கார்ந்தால் அதன் கையில் இரண்டு ஜாதகங்கள் சேர்கின்றன. அது லேப்டாப்புக்குக் காட்ட முடிவது ஒன்றைத்தான். விலை குறைந்த ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவான, அதாவது தாழ்ந்த தகுதியைக் காட்டும். இன்னும் சில, முதல் துளையில் இருப்பதை மட்டும் படித்து அப்படியே காட்டும். பழைய டிவி ஸ்பிளிட்டரில் மாட்டியிருக்கும் வரை ஹாலுக்கு 1080பி-தான் என்பது இதனால்தான். பல ஸ்பிளிட்டர்களின் பக்கவாட்டில் குட்டி ஸ்விட்சுகள் இருக்கும், எந்தக் குறிப்பைக் காட்டுவது என்று அவற்றில் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் 4கே-வைக் கட்டாயப்படுத்தினால் பழைய டிவி இருண்டுவிடும், 4கே-வை 1080பி-யாக இறக்கித் தரும் வசதி கொண்ட ஸ்பிளிட்டர் மட்டுமே இரண்டையும் சமாளிக்கும்.

சத்தம் வந்து படம் வராத சங்கதியும் அதே ஸ்பிளிட்டரிடம்தான் வந்து நிற்கிறது. கட்டணத் தளங்கள் தரும் படம் எச்.டி.சி.பி. என்ற பூட்டோடு பயணம் செய்கிறது, வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் அதற்குச் சாவி காட்ட வேண்டும். 4கே படங்களுக்கு அந்தப் பூட்டின் 2.2 பதிப்பைக் கேட்பது வழக்கம், பழைய டிவிகளில் இருப்பது 1.4 மட்டுமே. வரிசையில் ஒருவர் தகுதி குறைந்தாலும் தளம் தரத்தைக் குறைக்கும், அல்லது படத்தையே நிறுத்திவிடும். விண்டோஸின் முகப்பும், நீங்களே எடுத்த வீடியோக்களும் நன்றாகத் தெரிந்து, கட்டணப் படம் மட்டும் இருண்டால் வேறு எங்கும் தேட வேண்டாம், பூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிளிட்டரைக் கழற்றி ஹால் டிவியை நேராகச் செருகிப் பாருங்கள். பூட்டைக் கழற்றிவிடும் ஸ்பிளிட்டர்கள் சந்தையில் உலவுகின்றன. அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். என் யோசனை வேறு: படம் பார்ப்பதற்கு லேப்டாப்பே வேண்டாம். ஹால் டிவியில் உள்ள செயலியையே பயன்படுத்துங்கள், பழைய டிவியில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகிவிடுங்கள். ஸ்பிளிட்டரே தேவையற்றதாகிவிடும். நிறுவிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் கருவியைக் கழற்றச் சொல்வது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் திரும்பத் திரும்பப் புகார் வரும் வீடுகளில் நான் பெரும்பாலும் செய்வது அதைத்தான்.

பழைய டிவியைக் கழற்றிய பிறகு ஹால் டிவி 4கே-வில் அணைந்து எரிவதற்குக் காரணம் அந்த 15 மீட்டர் கேபிள் என்பதே என் கணிப்பு. இதை ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். 1080பி 60 ஹெர்ட்ஸுக்குக் கேபிளில் ஓடுவது சுமார் 4.5 ஜிகாபிட், 4கே 30-க்கு 8.9, 4கே 60-க்கு 17.8 (குறியீட்டையும் சட்டக இடைவெளியையும் சேர்த்த எண்கள் என்பதால் முன்பு சொன்னவற்றைவிடப் பெரியவை). சாதாரணச் செம்புக் கேபிள் 15 மீட்டரில் முதலாவதைத் தாங்கலாம், மூன்றாவதைத் தாங்காது. சோதனை இதுதான்: டிவியை 4கே 30-இல் ஓர் இரவு ஓட்டுங்கள். இருட்டு வராமல், ஆனால் கறுப்புக் காட்சிகளில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கென்று தோன்றி மறைந்தால் கேபிள் விளிம்பில் நிற்கிறது. 30-இல் சுத்தமாக ஓடி 60-இல் மட்டும் அணைந்தால் சந்தேகமே இல்லை. டிஜிட்டல் சமிக்ஞையில் படம் மெல்ல மங்காது. முதலில் பொட்டு, பிறகு இருட்டு, இடையில் ஒன்றும் கிடையாது. டிவியின் பட்டியலில் ஓர் அமைப்பையும் பாருங்கள்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்.ஜி.யில் எச்.டி.எம்.ஐ. அல்ட்ரா எச்.டி. டீப் கலர், சோனியில் எச்.டி.எம்.ஐ. சிக்னல் ஃபார்மேட். இதை இயக்காவிட்டால் அந்தத் துளை முழு வேகத்தையும் ஏற்காது. இயக்கிய நாளிலிருந்துதான் திரை அணைகிறது என்றால் அதுவும் கேபிள் மீதான சாட்சியமே.

மாற்றுவதானால் அந்தத் தூரத்துக்கு ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிள்தான் சரி. அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் மூலம் என்றும் மறுமுனையில் திரை என்றும் எழுதியிருக்கும், தலைகீழாகச் செருகினால் எதுவும் வராது. பைப்புக்குள் நுழைக்கும் முன் அதைத் தரையிலேயே விரித்து, இரண்டு முனைகளையும் செருகி, ஓர் இரவு படம் ஓட்டிப் பாருங்கள். முக்கால் அங்குல பைப்பின் வளைவில் எச்.டி.எம்.ஐ. தலை சிக்கிக்கொள்ளும் என்பதால், தலை தனியாகக் கழலும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய கேபிளின் நுனியில் கட்டி இழுப்பதானால் இழுவிசை தலையில் விழாமல் கேபிளின் உறையில் விழும்படி கட்டுங்கள், ஒளியிழை மடங்கினால் அவ்வளவுதான். பெட்டியின் மேல் "8கே" என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அல்ட்ரா ஹை ஸ்பீட் சான்று பெற்ற கேபிளின் பெட்டியில் கைப்பேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய முத்திரை ஒட்டப்பட்டிருக்கும்.

இனி அந்த இரண்டு விநாடி இருட்டு. நாற்காலியிலிருந்து எழும்போது சில முறையும், ஃபேன் ஸ்விட்சைப் போடும்போது சில முறையும் நிகழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கத் தேவையில்லை. காஸ் சிலிண்டரால் உயரும் தாழும் அலுவலக நாற்காலிகள், ஒருவர் எழும்போதோ அமரும்போதோ மின்காந்தத் துடிப்பை உண்டாக்கக்கூடும் என்பதையும், அது கேபிளில் ஏறித் திரையை ஒரு கணம் அணைக்கக்கூடும் என்பதையும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறது. ஃபேன், ஃப்ரிட்ஜ் போன்ற சுருள் கொண்ட சாதனங்களின் ஸ்விட்சைத் தட்டும் கணத்திலும் இதே போன்ற துடிப்பு எழும். துடிப்பின் ஆயுள் மிகக் குறைவு. இணைப்பு அறுந்து, இரு பக்கமும் மறுபடி பேசி முடிப்பதற்குத்தான் அந்த இரண்டு விநாடி போகிறது. ஆனால் துடிப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது, நல்ல உறை கொண்ட கேபிள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே சந்தேகம் மூன்று இடங்களில் விழுகிறது: மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள், டாக்கும் அதன் யூ.எஸ்.பி.-சி கேபிளும், மேசைப் பக்கப் பிளக்கின் எர்த்.

இவற்றைப் பிரிக்க, அடுத்த முறை இருளும்போது மூன்றைக் கவனியுங்கள். கணினியிலிருந்து கருவியைக் கழற்றும்போது வரும் "டொங்" ஒலி கேட்டதா? அதே கணத்தில் டாக்கில் செருகியிருக்கும் கீபோர்டும் செத்து உயிர்த்ததா? 24 அங்குல மானிட்டரும் சேர்ந்து இருண்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் டாக் முழுவதும் ஒரு கணம் விழுந்து எழுகிறது. அதன் மின் அடாப்டரையும், லேப்டாப்புக்கு வரும் குட்டைக் கேபிளையும் பார்க்க வேண்டும். டாக்கோடு வந்த கேபிளை விட்டுவிட்டு நீளமான வேறொன்றைப் போட்டிருந்தால் முதலில் பழையதையே திருப்பிப் போடுங்கள். ஒலியும் இல்லை, கீபோர்டும் உயிரோடு இருக்கிறது, 4கே மானிட்டர் மட்டும் இருள்கிறது என்றால் அதன் கேபிளே முதல் குற்றவாளி. இரண்டு மீட்டருக்கு மேற்படாத, டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பான வெசாவின் சான்று பெற்ற கேபிளைப் போடுங்கள். மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் சிலவற்றில் இணைத்திருக்கக் கூடாத 20-ஆவது ஊசியை இணைத்திருப்பார்கள், அது மானிட்டரிலிருந்து கணினிக்குள் மின்சாரத்தைத் தள்ளி வேறு விதமான தொல்லைகளையும் கொடுக்கும்.

எர்த் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு எழுதுகிறேன், ஏனென்றால் இது கையால் தொட்டுப் பார்க்கிற விஷயம் அல்ல. டிவியின் உலோகத் துளையில் விரல் பட்டால் லேசாகச் சுருக்கென்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இரண்டு ஊசி பிளக்கில் ஓடும் டிவிகளில், உள்ளே உள்ள வடிகட்டிக் கண்டென்சர் வழியாக மிகச் சிறிய கசிவு வெளிப்பகுதிக்கு வருவது இயல்பு, அந்தச் சுருக்கு பெரும்பாலும் அதுதான். ஆனால் வீட்டு வயரிங்கில் எர்த் அறுந்திருந்தாலும் இதே சுருக்குத்தான் வரும், இரண்டையும் விரலால் பிரித்தறிய முடியாது. ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மேசைப் பக்கப் பிளக்கிலும் ஹால் பிளக்கிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் கவலையில்லை, பத்துகளில் காட்டினால் திரையை மறந்துவிட்டு வயரிங்கைச் சரிசெய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்றாவது துளைக்குள் வயரே இல்லாததையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், அதைத் திறந்து பார்ப்பதும் அவர் வேலையாகவே இருக்கட்டும். அதுவரை எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகவும் பிடுங்கவும் இரண்டு பக்கமும் மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். வேறுபட்ட மின்னழுத்தத்தில் நிற்கும் இரண்டு கருவிகள் கேபிளின் ஊசிகள் வழியாகச் சமன்படும் கணத்தில்தான் துளைகள் சாகின்றன.

மாற்றங்களை ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் நாள் 4கே மானிட்டரும் டிவியும் துளை மாற்றிக்கொள்ளட்டும், ஸ்பிளிட்டரை எடுத்துவிடுங்கள். 30 ஹெர்ட்ஸும் 1080பி-யும் அன்றே தீர வேண்டும். இப்படிச் செய்ததில் 4கே மானிட்டர் டாக்கைவிட்டு எச்.டி.எம்.ஐ.-க்கு வந்துவிடுகிறது என்பதால், இரண்டு விநாடி இருட்டு அதோடு கூடவே வருகிறதா, டாக்கிலேயே தங்கிச் சின்ன மானிட்டரைப் பிடித்துக்கொள்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மானிட்டரோடு வந்தால் மானிட்டரையோ எர்த்தையோ நாற்காலியையோ பார்க்க வேண்டும், டாக்கில் தங்கினால் டாக்கை. ஒரு வாரம் கழித்து எது நடந்தது என்பதையும், டாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், எலக்ட்ரீஷியன் அளந்த வோல்ட்டையும் எழுதுங்கள். மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.